மஸில்லோடர் பேரல்ல ஸ்டோரேஜ் கிரீஸ் எடுக்கறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியால கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட பிளின்ட்லாக், அதாவது கல்லு உரசி வர்ற பொறியால பத்தற துப்பாக்கியோட மான் வேட்டை சீசன் ஆரம்பிச்சிடும். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் துப்பாக்கி சுடற ரேஞ்சுக்கு புதுசா வர்ற நம்ம தமிழ் ஆளுங்க எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேக்கறாங்க. பேரலோட, அதாவது குழாயோட, முன்பக்கமா கருமருந்து போட்டு, குண்டை ராம்ராடுங்கற கம்பால இடிச்சு இறக்கி சுடற துப்பாக்கிதான் மஸில்லோடர், அது நம்மள்ல நிறைய பேருக்கு புதுசு. கடைல தர்ற புக்லெட்ல "சுடறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணவும்"னு ஒரே வரிதான் இருக்கும். அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விகளை போட்டு பதில் எழுதியிருக்கேன். வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னதை நம்பித்தான் இருக்கு.

அண்ணா, புது துப்பாக்கிதானே, டப்பாவை பிரிச்சு அப்படியே சுடக் கூடாதா?

கூடாதுங்க. பேக்டரிலேர்ந்து கப்பல்ல ஏறி, குடோன்ல கிடந்து, கடைக்கு வந்து உங்க கைக்கு சேர்ற வரைக்கும் துரு பிடிக்கக் கூடாதுன்னு உள்ளயும் வெளியவும் கெட்டியா எண்ணெயோ கிரீஸோ பூசித்தான் அனுப்புவாங்க. சாதா ரைஃபிள்ல மருந்து தோட்டாக்குள்ள மூடி இருக்கு, பேரல்ல கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் மருந்துல படாது. இங்க அப்படி இல்ல, நீங்க கொட்டற பவுடர் நேரா பேரல் சுவர் மேலயே உரசிக்கிட்டு போகுது. சுவர் பிசுபிசுன்னு இருந்தா பாதி பவுடர் வழியிலயே ஒட்டிக்கும், கீழ போனது கிரீஸ்ல ஊறிடும், அப்புறம் எங்க பத்தும்.

இந்த பேஜ் முழுக்க நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணுதான். பேரல் பளபளன்னு இருக்கறது முக்கியமில்ல, அடில கடைசி அரை இஞ்சும், அங்க நெருப்பு வர்ற அந்த ஊசித் துவாரமும் காஞ்சிருக்கணும். நான் பாத்த வரைக்கும் புது துப்பாக்கி சுடலன்னு கொண்டு வர்ற கேஸ்ல பெரும்பாலும் கோளாறு அங்கதான்.

ரெண்டு ரவுண்டு சுட்டா கிரீஸ் தானா எரிஞ்சு போயிடாதா?

எரியாது, இன்னும் மோசமாத்தான் ஆகும். பெட்ரோலியம் சேர்ந்த கிரீஸும் கருமருந்து கரியும் சேர்ந்து சூட்டுல வெந்தா தார் மாதிரி கெட்டியான ஒரு படிவம் உருவாகும். சாதாரண கருமருந்து கரி வெறும் தண்ணிலயே கரைஞ்சிடும், இந்த தார் தண்ணிக்கு அசையாது. அதுக்கு மேல அடுத்த குண்டை இறக்கறப்போ பாதிலயே இறுகி நிக்கும். குண்டு பவுடர் மேல முழுசா உக்காராம நடுவுல இடைவெளி இருக்க சுட்டா பேரல் உப்பிடலாம், வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. இதுல சோம்பேறித்தனமே வேணாம்.

அந்த பிரவுன் கலர் மெழுகு மாதிரி இருக்கறது என்னது? சாதா கன் ஆயில் மாதிரி தெரியலையே?

புது துப்பாக்கில பெரும்பாலும் கெட்டி எண்ணெய்தான் இருக்கும், அது ஈசி. பழசு வாங்கினீங்கன்னா, யாரோ வருஷக்கணக்கா பரண்ல போட்டு வெச்சதுன்னா, காஸ்மோலின் மாதிரி ஒண்ணு இருக்கும். அது பெட்ரோலியத்துலேர்ந்து எடுக்கற மெழுகு கிரீஸ், அமெரிக்க ராணுவம் துப்பாக்கிகளை மூட்டை கட்டி வெக்க இதைத்தான் பூசினாங்க. நாளாக ஆக அதுல இருக்கற லேசான பகுதி ஆவியாகி மீதி வார்னிஷ் மாதிரி இறுகிடும், நகத்தால சுரண்டினா துகள் துகளா வரும்.

நல்ல விஷயம் என்னன்னா காஸ்மோலின் 45-லேர்ந்து 52 டிகிரி செல்சியஸ்க்குள்ள உருகிடும். அதனால வெந்நீர், ஹேர் டிரையர், வெயில் எல்லாமே உதவும். காஸ் டார்ச் மட்டும் காட்டாதீங்க.

சரி, மொதல் வேலை என்ன?

உள்ள ஏற்கனவே லோடு இருக்கான்னு பாக்கறதுதான் மொதல் வேலை. புதுசா இருந்தாலும் பாருங்க. செகண்ட் ஹேண்ட், தாத்தா வீட்ல கிடைச்சது, எஸ்டேட் சேல்ல (இறந்தவங்க வீட்டு சாமான் விற்பனைல) எடுத்ததுன்னா ரெண்டு தடவை பாருங்க, ஏன்னா கருமருந்து ஈரம் படாம இருந்தா எத்தனை வருஷம் கழிச்சும் பத்திக்கும். சுவத்துல மாட்டியிருந்த பழைய துப்பாக்கிக்குள்ள லோடு இருந்த கதை இந்த பொழுதுபோக்குல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும்.

பாக்கற விதம் இதுதான். கேப், அதாவது நிப்பிள்ங்கற துவாரமுள்ள சின்ன முனை மேல வெக்கற, ஹேமர் அடிச்சா வெடிக்கற குட்டி மூடி, மாட்டியிருந்தா மொதல்ல அதை எடுத்துடுங்க, பிளின்ட்லாக்னா பேன்ல, அதாவது வெளிப்பக்கம் இருக்கற குட்டிக் கிண்ணத்துல, பவுடர் இருக்கான்னு பாத்து தட்டி விட்டுடுங்க. அப்புறம் முகத்தை பேரல் வாய்க்கு நேரா கொண்டு போகாம ராம்ராடை அடி வரைக்கும் விடுங்க, வாய்கிட்ட ராடுல ஒரு பென்சில் கோடு போடுங்க. ராடை வெளிய எடுத்து பேரல் மேலயே, அந்த கோடு பேரல் வாய்க்கு நேரா வர்ற மாதிரி வெச்சுப் பாருங்க. ராடு முனை நிப்பிளோ, டச் ஹோலோ (பிளின்ட்லாக்ல பேன்லேர்ந்து நெருப்பு உள்ள போற துவாரம்) இருக்கற இடம் வரைக்கும் வந்தா காலி. ஒண்ணு ரெண்டு இஞ்ச் முன்னாடியே நின்னுட்டா உள்ள ஏதோ இருக்கு. கெட்டி கிரீஸா இருக்கலாம், லோடாவும் இருக்கலாம், லோடுன்னே நெனச்சு கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி ரிப்பேர் பண்றவர், கிட்ட எடுத்துட்டு போங்க. அந்த பென்சில் கோட்டை பத்திரமா வெச்சுக்கோங்க, பின்னாடியும் வேலைக்கு ஆகும்.

என்னென்ன வாங்கணும் ப்ரோ? கிளீனிங் கிட் ஒண்ணுக்கே நூறு டாலர் சொல்றான்.

அந்த கிட் தேவையில்ல. நல்ல ஸ்டீல் கிளீனிங் ராடு ஒண்ணு (துப்பாக்கியோட வர்ற மர ராம்ராடை சுத்தம் பண்ண யூஸ் பண்ணாதீங்க, உடைஞ்சா கைல குத்தும்), உங்க காலிபருக்கு (பேரலோட உள் அகலத்துக்கு) ஏத்த ஜாக், அதாவது ராடு முனைல மாட்டற வரி வரியான பித்தளை முனை, பழைய பனியன் துணி நிறைய, நைலான் பிரஷ், நிப்பிள் ரெஞ்ச், நிப்பிள் துவாரம் குத்தற கம்பி. ஊர்ல மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு வெச்சிருந்தோமே ஸ்டவ் பின், அதே மாதிரிதான். கூட ஒரு பைப் கிளீனர் (பஞ்சு சுத்தின மெல்லிசு கம்பி) பாக்கெட், கையுறை. இவ்ளோதான்.

எதை ஊத்தி கழுவணும்? பெட்ரோல் ஓகேவா?

பெட்ரோல் கண்டிப்பா வேணாம், ஆவி பரவி வாட்டர் ஹீட்டர் உள்ள எரியற பைலட் நெருப்புல பத்திக்கிட்டா வீடே போயிடும். கெட்டி கிரீஸுக்கு மினரல் ஸ்பிரிட்ஸ் (ஒரு வகை பெயின்ட் தின்னர்) நல்லா வேலை செய்யும், அது இல்லன்னா மண்ணெண்ணெய். ஆனா இது ரெண்டும் காஞ்சப்புறம் லேசா ஒரு எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், அதனால அதோட நிறுத்தாம கடைசில ஆல்கஹால் போட்டு துடைக்கணும். டீனேச்சர்டு ஆல்கஹாலோ, 91 சதவீத ஐசோப்ரொபைலோ எது கிடைச்சாலும் சரி.

பிரேக் கிளீனர் ஸ்ப்ரே வேகமா வேலை செய்யும், நிறைய பேர் அதைத்தான் அடிக்கறாங்க. ஆனா மரக்கட்டை மேல ஒரு சொட்டு பட்டா பாலிஷ் உரிஞ்சிடும், அசிட்டோனும் அப்படித்தான். பேரலை கழட்ட முடிஞ்சா மட்டும் அடிங்க, அதுவும் வெளிய காத்தோட்டமா இருக்கற இடத்துல. எதுவா இருந்தாலும் பக்கத்துல சிகரெட், ஹீட்டர், பவுடர் டப்பா மூணும் இருக்கக் கூடாது. அழுக்கான திரவத்தை சாக்கடைல ஊத்தாதீங்க, டப்பால மூடி வெச்சு உங்க ஊர் கெமிக்கல் கழிவு எடுக்கற நாள்ல குடுங்க.

படிப்படியா சொல்லுங்க. என்னோடது ஹாக்கன்ங்கற பழைய வேட்டை ரைஃபிள் டைப், பேரல் கழட்ட வரும்.

அப்ப உங்களுக்கு சுலபம். ஹேமரை ஹாஃப் காக்ல, அதாவது பாதி இழுத்த நிலைல, வெச்சு, பேரலையும் கட்டையையும் பிடிச்சிருக்கற ஆப்பை, அந்த வெட்ஜை, தட்டி எடுத்தா பேரல் முன்பக்கம் மேல தூக்கி கொக்கிலேர்ந்து கழண்டு வந்துடும். நிப்பிளை ரெஞ்ச் போட்டு கழட்டி தனியா ஒரு கிண்ணத்துல மினரல் ஸ்பிரிட்ஸ்ல ஊறப் போடுங்க. பக்கவாட்டுல சின்னதா கிளீன் அவுட் ஸ்க்ரூ இருந்தா அதையும் கழட்டலாம், இறுகியிருந்தா பலவந்தம் பண்ணாதீங்க, தலை சிதைஞ்சிடும்.

மினரல் ஸ்பிரிட்ஸ்ல நனைச்ச துணியை ஜாக்ல மாட்டி மேலயும் கீழயும் ஓட்டுங்க. மொதல் ரெண்டு மூணு துணி தேன் கலர்ல சொத சொதன்னு வரும், தூக்கி போட்டுட்டு புதுசு மாட்டுங்க. பிசுபிசுப்பு குறைஞ்சதும் ஒரு பக்கெட்ல சூடான தண்ணி, நாலு சொட்டு பாத்திரம் தேய்க்கற லிக்விட் விட்டு பேரலோட பின்பக்கத்தை அதுல நிறுத்துங்க. இறுக்கமா ஒரு துணி மாட்டி பம்ப் அடிக்கற மாதிரி இழுத்து இறக்குங்க. நிப்பிள் துவாரம் வழியா தண்ணி உள்ள ஏறி இறங்கும், அதுதான் நமக்கு வேணும், எந்த பிரஷ்ஷும் போகாத வழிலயும் தண்ணி போகும். பக்கெட்ல மேல வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மிதக்கறது நின்னப்புறம் நல்ல தண்ணில ஒரு தடவை அலசி, காஞ்ச துணி ஓட்டி, கடைசில ஆல்கஹால் துணி, அதுக்கப்புறம் மறுபடி காஞ்ச துணி.

என்னோடது பென்சில்வேனியா லாங் ரைஃபிள், பேரலை குறுக்க சின்ன ஆணி (பின்) அடிச்சு இறுக்கியிருக்கு. கழட்டலாமா?

வேணாங்க. அந்த பின்னை ஒவ்வொரு தடவையும் தட்டி எடுத்தா மரம் பிளந்துடும், ஓட்டை லூசாயிடும். லாக்கை, அதாவது கல்லும் பேனும் இருக்கற பக்கவாட்டு மெக்கானிசத்தை, மட்டும் கழட்டி எடுத்துடுங்க, அது ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூதான். டச் ஹோலை சுத்தி மரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. டச் ஹோல்ல பல்குத்தி ஒண்ணை செருகி அடைச்சுட்டு, வாய் மேல இருக்கற மாதிரி நிறுத்தி, திரவத்தை கொஞ்சமா ஊத்தி கட்டை விரலால வாயை மூடி மெதுவா முன்ன பின்ன சாய்ங்க, அப்புறம் கவுத்து ஊத்துங்க. பக்கெட் முறை அளவுக்கு வேகமா ஆகாது, பொறுமையா நாலஞ்சு தடவை பண்ணணும். கவுக்கறப்போ டச் ஹோல் தரையைப் பாத்து இருக்கட்டும், இல்லன்னா வழிஞ்சு கட்டைக்குள்ள இறங்கிடும்.

எல்லாம் பண்ணிட்டேன், உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா கேப் மட்டும் டப்னு வெடிக்குது, பவுடர் பத்தவே இல்ல. ஏன்?

எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். ஹாக்கன் டைப் துப்பாக்கி நிறையதுல பேட்டன்ட் பிரீச்னு ஒரு அமைப்பு இருக்கும். அதாவது பேரல் .50 காலிபர் அகலத்துலயே அடி வரைக்கும் போகாது, கடைசில சின்னதா ஒரு குறுகின அறை இருக்கும், அங்கிருந்து நிப்பிளுக்கு இன்னும் சின்ன வழி திரும்பும். உங்க .50 ஜாக் அந்த அறை வாசல்லயே முட்டி நின்னுடும், "அடி வரைக்கும் துடைச்சுட்டேன்"னு நீங்க நெனச்சுக்குவீங்க. இன்னும் மோசம், மேல இருந்த கிரீஸையெல்லாம் நீங்களே தள்ளிக்கொண்டு போய் அந்த அறைக்குள்ள அடைச்சு வெச்சிருப்பீங்க.

இதுக்கு பேரலை விட ரொம்ப சின்ன பிரஷ் வேணும். .30 காலிபர் சுத்தின சைஸ்ல ஒண்ணு எடுத்து, அது மேல ஒரு சின்ன துணியை போர்த்தி, ஆல்கஹால்ல நனைச்சு அறைக்குள்ள விட்டு ராடை கடிகார திசைலயே சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா பிரஷ் ராடுலேர்ந்து கழண்டு உள்ளயே தங்கிடும். வெளிய வர்ற துணியோட நுனியை மட்டும் பாருங்க, பக்கமெல்லாம் வெள்ளையா இருக்கும், நுனில மட்டும் பட்டாணி அளவுக்கு பிரவுன் கிரீஸ் ஒட்டியிருக்கும். அதுதான் உங்களை சுட விடாம பண்ணது. நிப்பிள் பக்கத்துலேர்ந்து பைப் கிளீனரை விட்டு அந்த திருப்பத்தையும் துடைச்சுடுங்க.

கேப் மட்டும் வெச்சு சும்மா சுட்டுப் பாக்கணும்னு சொல்றாங்களே, எதுக்கு?

அந்த வழி திறந்திருக்கான்னு பாக்க. ரேஞ்சுல, பவுடரும் குண்டும் போடாம, நிப்பிள்ல கேப் மட்டும் வெச்சு, பேரல் வாயை ஒரு புல்லுக்கோ காஞ்ச இலைக்கோ ஒரு சாண் தள்ளி காட்டி தட்டுங்க. புல் ஆடினா காத்து முழு வழியும் போயிருக்கு. ஆடலன்னா முந்தின கேள்விக்கு திரும்ப போங்க. ரெண்டு மூணு கேப் செலவானாலும் பரவால்ல, மீதி இருக்கற ஈரத்தையும் அது உலர்த்திடும். முடிஞ்சதும் ஒரு காஞ்ச துணி விட்டு எடுங்க, ஏன்னா கேப் கரி அடில ஒட்டியிருக்கும், அப்புறம் லோடு பண்ணுங்க.

பிளின்ட்லாக்ல கேப்பே கிடையாதே, நான் எப்படி பாக்கறது?

டச் ஹோல்ல மெல்லிசா ஒரு கம்பி விட்டா நேரா பேரலுக்குள்ள போகணும், கம்பி நுனி காஞ்சு வரணும். லோடு பண்றதுக்கு முன்னாடி பேன்ல மட்டும் கொஞ்சம் பவுடர் போட்டு பத்த வெச்சும் பாக்கலாம்.

ஆனா பிளின்ட்லாக்ல கிரீஸ் ஒளிஞ்சிருக்கற இடம் இன்னொண்ணு இருக்கு, ஃபிரிசன். கல்லு வந்து உரசற அந்த இரும்பு முகத்துல லேசா எண்ணெய்ப் பூச்சு இருந்தாலும் பொறி வராது, வந்தாலும் மங்கலா ரெண்டு பொறி விழும். ஃபிரிசன் முகம், கல்லோட விளிம்பு, பேன், மூணையும் ஆல்கஹால் துணியால துடைங்க. துடைச்சப்புறம் விரல் படாம பாத்துக்கோங்க, கை எண்ணெயே போதும் கெடுக்க.

துடைக்கற துணி வெள்ளையா வரவே மாட்டேங்குது, எப்போ நிறுத்தறது?

சுத்த வெள்ளை வரணும்னு அவசியம் இல்ல. கலரைப் பாக்காதீங்க, எண்ணெயைப் பாருங்க. காஞ்ச துணியை ஓட்டி எடுத்து ஒரு டிஷ்யூ பேப்பர் மேல அழுத்தி வெளிச்சத்துல காட்டுங்க, வடை வெச்ச பேப்பர்ல தெரியற அந்த எண்ணெய்க் கறை தெரிஞ்சா இன்னும் இருக்கு. கறை இல்லாம வெறும் சாம்பல் கலர் தூசி மட்டும்னா நிறுத்திடலாம்.

ஆரஞ்சு செம்மண் கலர்ல வந்தா அது கிரீஸ் இல்ல, துரு. பழைய துப்பாக்கில கிரீஸுக்கு அடியிலயே துரு இருக்கறது சகஜம். லேசா இருந்தா எண்ணெய் தொட்ட நைலான் பிரஷ்லயே போயிடும், போனப்புறம் மறுபடி ஆல்கஹால். விரலுக்கு சொரசொரன்னு துணி மாட்டற இடம் ஏதாவது உள்ள இருந்தா சுடாம கன்ஸ்மித் கிட்ட காட்டிடுங்க.

தண்ணி ஊத்தினா துரு பிடிக்காதா? பயமா இருக்கே.

எண்ணெய் முழுசா போன இரும்பு தண்ணில வெச்சா துரு பிடிக்கத்தான் செய்யும், அதுவும் கொதிக்கற தண்ணின்னா நிமிஷத்துல லேசா மஞ்ச பூக்கும். அதனால கொதிக்க வெக்காதீங்க, கை தாங்கற சூடு போதும், அந்த சூட்டுக்கே கிரீஸ் இளகிடும். முக்கியம் என்னன்னா தண்ணி வேலைய முடிச்ச கையோட துடைச்சு ஆல்கஹால் ஓட்டணும், நடுவுல போன் எடுத்து பேசப் போகக் கூடாது.

குண்டுக்கு சுத்தற பேட்ச் துணிக்கு மட்டும் கொழுப்பு தடவறோமே, அது மட்டும் கிரீஸ் இல்லையா?

நல்ல கேள்வி. ரெண்டு வித்தியாசம். அந்தப் பூச்சு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு, தாவர எண்ணெய் மாதிரி சமாச்சாரம், கருமருந்து கரியை அது இளக வெக்கும், பெட்ரோலியம் கிரீஸ் மாதிரி தார் ஆக்காது. ரெண்டாவது அது பவுடருக்கு மேல, குண்டை சுத்தி இருக்கு, பவுடர் உக்கார்ற அடில இல்ல. அதையும் சொட்ட சொட்ட தடவி லோடு பண்ணி ரொம்ப நேரம் வெச்சிருந்தீங்கன்னா பவுடர் ஊறித்தான் போகும், அதனால அளவா தடவுங்க.

என்னோடது இன்லைன் (நெருப்பு பின்னாலேர்ந்து நேரா வர்ற புது டைப்), கேப்புக்கு பதிலா 209 பிரைமர். எனக்கும் இதெல்லாம் வேணுமா?

பாதி வேலைதான் உங்களுக்கு. பேரலோட பின்பக்கத்தை மூடற பிரீச் பிளக்கை கழட்டிட்டா பேரல் ரெண்டு பக்கமும் திறந்த குழாய், வெளிச்சத்துல பாத்தே சுத்தம் பண்ணிடலாம். பிளக் நடுவுல இருக்கற நெருப்புத் துவாரத்தை மட்டும் கம்பி விட்டு பாத்துடுங்க. ஒரே ஒரு இடத்துல கிரீஸ் இருக்கணும், பிளக்கோட மரைல. அங்க ஆன்டி சீஸ் (மரை இறுகாம தடுக்கற கிரீஸ்) தடவாம மாட்டினா நாலு ஷாட்ல இறுகி அப்புறம் கழட்டவே வராது. மரைல மட்டும், முன் முகத்துல வழியாம. அப்புறம் இன்லைனா இருந்தாலும் கருமருந்தோ அதுக்கு மாத்தா விக்கற பவுடரோ மட்டும்தான், சாதா தோட்டால வர்ற ஸ்மோக்லெஸ் பவுடர் போட்டா ஆளையே காலி பண்ணிடும். அதுக்குன்னே செஞ்ச சில மாடல்கள் தனி, உங்க மேனுவல்ல தெளிவா எழுதியிருந்தா ஒழிய தொடாதீங்க.

துணி உள்ளயே கழண்டு தங்கிடுச்சு, எப்படி எடுக்கறது?

ராடு முனைல வார்ம்னு ஒண்ணு மாட்டுவாங்க, ரெண்டு கால் ஸ்ப்ரிங் மாதிரி முறுக்கி இருக்கும். அடில விட்டு சுத்தினா துணியை கொத்திக்கிட்டு வரும். வாங்கறப்பவே இதையும் சேத்து வாங்கிடுங்க, நாலஞ்சு டாலர்தான். துணி உள்ள இருக்கற நெலமைல லோடு மட்டும் பண்ணிடாதீங்க, பென்சில் கோடு பாத்தா தெரிஞ்சிடும்.

லோடு பண்ணிட்டேன், தட்டினேன், கேப் மட்டும் வெடிச்சுது. இப்ப என்ன பண்ண?

அசையாதீங்க. வாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும், குறைஞ்சது ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க. கிரீஸ் ஊறின பவுடர் மெதுவா புகைஞ்சு கொஞ்சம் கழிச்சு திடீர்னு வெடிக்கும், அந்த நேரத்துல யாராவது வாயை எட்டிப் பாத்தா அவ்ளோதான். ஒரு நிமிஷம் கழிச்சு நிப்பிளை கம்பியால குத்தி விட்டு புது கேப் வெச்சு தட்டுங்க. அதுவும் ஆகலன்னா ரேஞ்ச் ஆபீசரை கூப்பிடுங்க, சி.ஓ.2 வெச்சு குண்டை வெளிய தள்ளற கருவி அவங்ககிட்ட பெரும்பாலும் இருக்கும். குண்டு வந்ததும் பவுடரை கொட்டிட்டு அன்னைக்கு மொதல்லேர்ந்து சுத்தம் பண்ணுங்க.

சீசன் முடிஞ்சுது. மறுபடி கிரீஸ் பூசி வெக்கணுமா, எல்லாத்தையும் திரும்ப எடுக்கணுமே?

கெட்டி கிரீஸ் தேவையில்ல, லேசா துரு தடுக்கற எண்ணெய் ஒரு துணில தொட்டு ஓட்டினா போதும். நான் பாலிஸ்டால் போடறேன், தண்ணியோட கலக்கறதால அடுத்த தடவை எடுக்கறது சுலபமா இருக்கு. வெக்கறப்போ வாய் கீழ இருக்கற மாதிரி ஒரு துணி மேல நிறுத்துங்க. வாய் மேல இருந்தா எண்ணெய் மெதுவா இறங்கி பிரீச்லயும் நிப்பிள்லயும் தேங்கும், கட்டையையும் ஊற வெக்கும். அடுத்த சீசன்ல "போன வருஷம் நல்லா சுட்டுச்சே"ன்னு வர்றவங்க துப்பாக்கி பெரும்பாலும் இப்படி நின்னதுதான்.

ஊர்ல தாத்தாவோட பழைய நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, லீவுக்கு போறப்போ இதே மாதிரி பண்ணிடலாமா?

மொதல்ல லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க. அமெரிக்கால மஸில்லோடரை பெடரல் சட்டம் தனியா பாக்குது, மாநில சட்டம்தான் மாறும். இந்தியால 1959 ஆயுதச் சட்டப்படி முன்பக்கம் லோடு பண்ற துப்பாக்கிக்கும் லைசன்ஸ் வேணும், அது யார் பேர்ல இருக்கோ அவங்க இறந்துட்டா அப்படியே வீட்ல வெச்சுக்க முடியாது, வக்கீல்கிட்ட கேட்டுட்டு முறைப்படி செய்யுங்க. அதுல லோடு இருக்கலாங்கற பேச்சு மேலயே சொல்லியிருக்கேன், தொடறதுக்கு முன்னாடி அதை நெனச்சுக்கோங்க. கையால அடிச்ச பழைய குழாய்னா சுத்தம் பண்ணாலும் சுடற எண்ணமே வேணாம்.

ரேஞ்சுல பத்து ஷாட் சூப்பரா போச்சு, மறுவாரம் காட்டுல பனில மொதல் ஷாட்டே ஏமாத்திடுச்சு. நல்லாத்தானே சுத்தம் பண்ணேன்?

ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, நிப்பிள் மரை, டிரம் (நிப்பிள் உக்கார்ற பக்கவாட்டு உருளை) மரை, கிளீன் அவுட் ஸ்க்ரூ மரை. இதுக்குள்ள இருக்கற கிரீஸ் துணிக்கு எட்டாது, சுட்டு பேரல் சூடானதும் இளகி கசிஞ்சு வழிக்குள்ள வந்து, ஆறினதும் அங்கயே அடைச்சுக்கும். அதனால புது துப்பாக்கில மொதல் நாள் சுட்டு முடிச்சப்புறம் நிப்பிளை கழட்டி மரையை இன்னொரு தடவை ஆல்கஹால்ல துடைங்க, இதை ரொம்ப பேர் பண்றதில்ல.

இன்னொண்ணு லாக்குக்கு உள்பக்கம். பேரலைப் பாத்து பாத்து துடைச்சுட்டு லாக்கை அப்படியே விட்டுடறோம். அங்க இருக்கற பேக்டரி கிரீஸ் குளிர்ல இறுகி ஹேமரை மெதுவா விழ வெக்கும், கேப் சரியா அடி வாங்காது, பிளின்ட்லாக்ல பொறி கம்மியாகும். லாக்கை கழட்டி மினரல் ஸ்பிரிட்ஸ்ல முக்கி பிரஷ் போட்டு, காய வெச்சு, அச்சுகள்ல மட்டும் ஒரு சொட்டு மெல்லிசான எண்ணெய் விடுங்க. துப்பாக்கியை ராத்திரி சூடான வீட்டுக்குள்ள கொண்டு வந்து காலைல குளிருக்கு எடுத்துட்டு போறதையும் தவிருங்க, சூடும் குளிரும் மாறி மாறி படறப்போ பேரலுக்குள்ள ஈரம் வேர்க்கும், கேரேஜ்லயே பூட்டி வெக்க வசதி இருந்தா அங்கயே இருக்கட்டும். காலைல லோடு பண்றதுக்கு முன்னாடி ஒரு காஞ்ச துணி, ஒரு வெறும் கேப், அப்புறம் பவுடர்.